கோட்டைப் பேய்களை விசாரித்த நேசமக்கா

ஒரு சொல்லுக்காக ஒரு கலியாணம் ஐந்து மாதம் இழுபட்டது. சொல் இதுதான்: காலஞ்சென்ற.

பெண் வினோஜா, வயது இருபத்தொன்று. மாப்பிள்ளை பிரணவன். இரண்டும் படிக்கிற இடத்தில் பழகி, தாங்களே முடிவெடுத்துவிட்டுப் பெரியவர்களுக்குத் தகவல் சொன்ன பிள்ளைகள். சாதகம் பொருந்தியது. மண்டபமும் எடுத்தாயிற்று: 2003 ஒக்டோபர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. அழைப்பிதழ் அடிக்கப் போன இடத்தில்தான் வண்டி நின்றது. வினோஜாவின் தகப்பன் நகுலேஸ்வரன் பன்னிரண்டு வருடமாகக் காணாமற் போனவர். அவர் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வரவேண்டும் என்று மாப்பிள்ளையின் தகப்பன் அருமைராசா நின்றார். வரக்கூடாது என்று பெண்ணின் தாய் சிவநேசம் நின்றார்.

சிவநேசத்தை நாங்கள் நேசமக்கா என்றுதான் கூப்பிடுவது. அவரும் நானும் ஒரே ஊர். இங்கே மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் ஒரே கட்டடம். அவர் மூன்றாம் மாடி, நான் கீழ்வீடு. அருமைராசா ஜான்-டலோன் சந்தையில் என்னோடு மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர். ஆகவே தூது போகிற வேலை என் தலையில் விழுந்தது.

"உயிரோடை இருக்கிற மனுசன் எண்டா மணவறையிலை வந்து நிக்கச் சொல்லு" என்பார் அருமைராசா, கத்தரிக்காய்ப் பெட்டியை என் நெஞ்சில் இடித்தபடி. "இல்லையெண்டா போட வேண்டியதைப் போடு. வாற சனம் என்னைத்தானே கேக்கும், சம்பந்தி எங்கை எண்டு. நான் என்ன சொல்லுறது, கக்கூசுக்குப் போட்டார் எண்டோ?"

நான் மூன்று மாடி ஏறிப் போய் இதைக் கொஞ்சம் மரியாதையாக்கிச் சொல்வேன். நேசமக்காவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "செத்ததைக் கண்டவன் ஆராவது இருந்தா வரச்சொல்லு தம்பி. அண்டைக்கே போடுறன்."

"அப்பான்ரை பேரை அப்பிடியே விடுங்கோவன் மாமா, வெறும் பேர் காணாதே?" என்று வினோஜா என்னிடம் கேட்டாள். இங்கே வளர்ந்த பிள்ளை. வெறும் பெயர் போட்டால் ஆள் உயிரோடு என்று அர்த்தம் என்பதும், அழைப்பிதழைக் கையில் எடுத்தவுடன் எங்கள் சனம் முதலில் பார்ப்பது அதைத்தான் என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்?

நேசமக்காவைப் பற்றி எழுதுவதென்றால் கோட்டையில்தான் தொடங்கவேண்டும்.

எங்கள் ஊர் பூநகரி. கடல்நீரேரிக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணக் குடாநாடு, இந்தப் பக்கம் வன்னி. எல்லை நிலம். எல்லை இருந்தால் அங்கே ஒரு கோட்டையும் இருக்கும். போர்த்துக்கீசன் போட்டான், ஒல்லாந்தன் பெருப்பித்தான், இங்கிலீசுக்காரன் உள்ளே தங்குமடம் நடத்தினான். பிறகு ஒருவருக்கும் வேண்டாமற் போக, ஆடுகளும் வேர்களும் எடுத்துக்கொண்டன. அந்த மதிலைப் பற்றிக் கதைக்குக் குறைவில்லை. அடியில் சுரங்கம் இருக்கிறது, அது கடலுக்குக் கீழால் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போகிறது என்பார்கள். கொத்தளத்தில் புதையல் இருக்கிறது, அதற்கு ஒரு ஒல்லாந்தன் காவல் நிற்கிறான் என்பார்கள். ஒல்லாந்தன் ஏன் இன்னும் ஊருக்குப் போகாமல் நிற்கிறான் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நகுலேஸ்வரன் சங்குப்பிட்டியில் பாதையில் வேலை செய்தவர். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் தட்டையான ஓடத்தை. ஒருநாள் பாதைக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் அவருடைய இடது கால் அகப்பட்டது. அதன்பிறகு அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

1991இல் கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்டது. ஊர் முழுக்கத் தெற்கே ஓடியது. பாதி வழியில் நகுலேஸ்வரன் நின்றுவிட்டார். "மாட்டை அவிட்டுவிட மறந்துபோனன். நீ பிள்ளையோடை நட. நான் பின்னாலை வாறன்." நேசமக்கா கேட்ட கடைசிப் பேச்சு இதுதான். பழைய எல்லைக் கோட்டை மறுபடி முகாமாகியது. அந்தப் பக்கம் போன ஒருவரையும் பிறகு காணவில்லை. யார் பிடித்தது, பிடித்ததா, செல் குண்டு விழுந்ததா, ஒன்றும் தெரியாது. நேசமக்கா ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் எட்டு மாதம் காத்திருந்தார். பிறகு மன்னார், இந்தியா, கடைசியில் மொன்றியல். இங்கே ஆஸ்பத்திரி ஒன்றில் நிலம் துடைக்கிற வேலை. விடிய ஐந்தரைக்கு 165ஆம் இலக்க பஸ். எட்டு வருடத்தில் ஒருநாள் பிந்திப் போனதில்லை. பனியிலும் போனார், காய்ச்சலோடும் போனார், முகத்தில் பொட்டோடு போனார்.

2002இல் சண்டை ஓய்ந்து ஊருக்குப் போகிற ரோட்டுத் திறந்தது. இங்கிருந்து சனம் ஊருக்குப் போகத் தொடங்கியது. போய்வந்த ஒவ்வொருவரும் ஒரு பனங்கட்டிப் பெட்டியும் ஒரு பேய்க்கதையும் கொண்டுவந்தார்கள். பூநகரிப் பக்கம் போய்வந்தவர் என்று கேள்விப்பட்டால் போதும், நேசமக்கா வீட்டுக்குக் கூப்பிடுவார். தேத்தண்ணி வரும், சுடச்சுட வடை வரும். "கோட்டைப் பக்கம் போனனீங்களோ? அங்கை என்னவும் உலாவுதாமோ?"

சனம் அவருக்குப் பேய்க்கதைப் பைத்தியம் என்று நினைத்தது. கோட்டை நேசம் என்று பட்டமும் வைத்தது. அவருடைய நியாயம் வேறு. எனக்கு மட்டும் ஒருதரம் சொன்னார். அகாலமாய்ச் செத்தவன் செத்த இடத்தை விட்டுப் போகமாட்டான். நகுலேஸ்வரன் கோட்டையடியில் செத்திருந்தால் அங்கேதான் நிற்பார். நின்றால் யாராவது காண்பார்கள். கண்டால் கால் இழுபடுவதையும் காண்பார்கள். ஒருவரும் அப்படி ஒன்றைக் காணவில்லை என்றால் மனிதன் எங்கேயோ உயிரோடு இருக்கிறார்.

விசாரணை எப்படி நடக்கும் என்றால், வின்சன்ட் என்று ஒரு பொடியன், அவன் வடையைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"வெள்ளிக்கிழமையிலை குதிரைக் குளம்புச் சத்தம் கேக்குமாம் அக்கா. மதிலிலை ஒரு ஒல்லாந்தன். தொப்பியும் சப்பாத்தும்."

"நிண்டதோ, நடந்ததோ?"

"நடந்ததாம்."

"எப்பிடி நடந்தது? நேராயோ, நொண்டியோ?"

"பேய் எப்பிடி நடந்தா எங்களுக்கென்ன அக்கா, நாங்கள் ஓடுறதைத்தானே பாக்கோணும்."

"நீ உன்ரை கண்ணாலை கண்டனியோ?"

"சீ, நான் காணேல்லை. பெரியம்மான்ரை மோன் கண்டவன்."

"அவன்ரை ரெலிபோன் நம்பர் இருக்கோ?"

அடுத்த நாளே ரெலிபோன் அட்டை வாங்கி, அந்தப் பெரியம்மாவின் மகனைக் கிளிநொச்சியில் பிடித்துக் கேட்டார். நொண்டவில்லையாம். நேசமக்கா அன்றைக்கு எனக்கும் வடை கொண்டுவந்து தந்தார்.

இப்படிப் பதினைந்து பதினாறு பேர். கிணற்றடியில் வெள்ளைச்சேலைக்காரி, சங்கிலிச் சத்தம், தலையில்லாத சிப்பாய், நெருப்புப் பந்து. ஒன்றும் நொண்டவில்லை. ஒவ்வொரு தரமும் நகுலேஸ்வரனுக்கு ஆயுள் கூடியது.

நானும் 2002 ஆடியில் போய்வந்தேன். கோட்டை வாசலடியில் வலை காயப்போட்ட ஒரு கிழவன் என்னைத் தடுத்தான். "தனியப் போகாதேங்கோ. பொழுது சாயிற நேரம் உதுக்குள்ளை ஒருத்தர் உலாவுறவர். காலை இழுத்து இழுத்து. என்ரை சகலன் கண்டவன், மூண்டு நாள் காய்ச்சல்." உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். மொன்றியலுக்கு வந்ததும் நேசமக்கா கேட்க முதலே, "அங்கை ஒண்டும் இல்லையக்கா, வெறும் கல்லும் ஆட்டுப் பிழுக்கையும்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

கலியாணத்துக்கு இனி ஒரு மாதமும் இல்லை, அழைப்பிதழ் இன்னும் அடிக்கவில்லை என்ற நிலையில் செப்டெம்பர் இருபது வந்தது, சனிக்கிழமை. வருடா வருடம் எங்கள் சங்கம் மஞ்சள் பஸ் பிடித்து ஆப்பிள் பிடுங்கப் போகும். தோட்டங்கள் அமெரிக்க எல்லைப் பக்கம். சாப்பாட்டுச் சட்டிகள் என் வான் வண்டியில் வரும். புட்டுச் சட்டிக்குக் காவலாக நேசமக்காவும் வானிலேயே ஏறினார். வினோஜா சிநேகிதிகளோடு பஸ்ஸில்.

சாப்பிட்டு முடிந்து, அந்த முறை புதிதாக ஓர் இடம் காட்டினார்கள். ஆற்றோரம் ஒரு இடிந்த கோட்டை. மூன்று சுவர், ஒரு வளைவு, நடுவில் புல். பிரெஞ்சுக்காரன் கட்டினானாம், இங்கிலீசுக்காரன் பிடித்தானாம், அமெரிக்கன் வந்து எரித்தானாம். எல்லைக்கோட்டைகளுக்கு உலகம் முழுக்க ஒரே தலையெழுத்து போல. செலீன் என்று ஒரு ஐம்பது வயதுப் பெண் சுற்றிக்காட்டினாள். அவள் பிரெஞ்சில் சொல்ல, வினோஜா தமிழில் சொன்னாள்.

"இங்கை ஒரு பேய் இருக்காம்" என்றாள் வினோஜா, தாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. "பட்டாளத்துச் சார்ஜன் ஒருத்தர். மூடுபனிக்குள்ளை லாம்பு கொண்டு மதிலிலை நடப்பாராம். ஆத்திலை மீன் பிடிக்கிற ஆக்கள் கனபேர் கண்டவையாம்."

நேசமக்கா முன்வரிசைக்கு வந்துவிட்டார். "எப்பிடிச் செத்தவராம்? கேள்."

வினோஜா கேட்டாள். செலீன் இதற்காகவே காத்திருந்தவள் போலக் கையைத் தட்டினாள். நீளமாகச் சொன்னாள். வினோஜா கேட்டுக் கேட்டுச் சொன்னாள்: "சண்டைக்குள்ளை காணாமல் போட்டாராம். உடம்பு எடுபடேல்லை. அவற்றை மனுசி இந்தக் கரையிலையே கறுப்பு உடுப்போடை இருந்தவவாம். அவதான் முதல்முதல் பேயைக் கண்டது. சாகுமட்டும் வாற போற ஆக்களுக்கு அவவே கதையைச் சொல்லுவாவாம். ஆனா..." வினோஜா நிறுத்தி, செலீனிடம் இன்னொரு தரம் கேட்டாள். "ஆனா அவர் சாகேல்லையாம் அம்மா! நாப்பது வருசத்துக்கு முந்தி ஆரோ பழைய கடதாசி எடுத்திருக்கினம். ஆத்தைக் கடந்து அமெரிக்கப் பக்கம் போய், காணி வாங்கி, வேறை மனுசி கட்டி, ஏழு பிள்ளையள். எண்பத்தொரு வயசிலை கட்டிலிலை செத்தவராம்!"

எல்லோரும் சிரித்தார்கள். "பேய் இன்னும் வருகுதோ எண்டு கேள் பிள்ளை" என்று யாரோ கத்த, வருகிறதுதான் என்று செலீனும் சிரித்தாள்.

நேசமக்கா சிரிக்கவில்லை. "அந்த மனுசிக்கு உது தெரியுமோ எண்டு கேள்" என்றார்.

செலீன் தோளைக் குலுக்கினாள். தெரிந்திருக்கலாம் என்றாள்.

திரும்பி வரும்போது வானில் நாங்கள் இரண்டு பேரும் வெறும் சட்டிகளும். ஷம்ப்ளேன் பாலத்தில் வாகனங்கள் அசையவில்லை. எனக்கு முதுகு நொந்தது. நேசமக்கா மடியில் ஆப்பிள் பையை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ரோட்டுத் திறந்து எவ்வளவு காலம்?"

"ஒண்டரை வருசமக்கா."

"ரெலிபோன் வேலை செய்யுது. கடிதம் போகுது. ஊரிலை என்னைப் பற்றி ஆர் கேட்டாலும், மொன்றியலிலை ஆஸ்பத்திரியிலை வேலை எண்டு சொல்லுவினம். என்ன?"

"ஓமக்கா."

"அப்ப உயிரோடை இருக்கிற மனுசன் ஏன் ஒரு போன் எடுக்கேல்லை?"

முன்னால் நின்ற லொறியின் பின்விளக்கு அணைந்தது, மறுபடி எரிந்தது.

"பன்னிரண்டு வருசமா நான் அவரைச் சாகவிடாமப் பிடிச்சு வைச்சிருக்கிறன். இண்டைக்குத்தான் விளங்குது. உயிரோடை எண்டா, என்னையும் பிள்ளையையும் விட்டிட்டுப் போன ஆள் எண்டு அர்த்தம். அந்தச் சார்ஜன் மாதிரி." அவர் குரல் உயரவில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறவர் போலவே பேசினார். "அவர் அப்பிடிப்பட்ட மனுசனில்லை தம்பி. மாட்டை அவிட்டுவிடத் திரும்பிப் போன மனுசன். எனக்குப் பின்னாலை வாறன் எண்டு சொன்னவர். வரேல்லை எண்டா வர ஏலாமத்தான்."

பாலத்தில் இரண்டு வாகன நீளம் நகர்ந்தோம்.

"நீ ஊருக்குப் போய்வந்து என்னட்டை ஒண்டை மறைச்சனி. நான் கேக்க முதலே இல்லையெண்டு சொன்னவன் நீ ஒருத்தன்தான். மற்றதுகள் எல்லாம் இல்லாததைச் சொல்லி வடை திண்டதுகள். சொல்லு."

சொன்னேன். வலைக்காரக் கிழவன், அவன் சகலன், பொழுது சாயிற நேரம், இழுத்து இழுத்து நடக்கிற கால்.

"எந்தக் கால்?"

அதைக் கிழவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இடது கால் அக்கா" என்றேன்.

நேசமக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். "சரி" என்றார். பிறகு, "செத்துத்தான் போட்டார்" என்றார். கோட்-டெ-நெய்ஜ் வரும்வரை அழுதார். சத்தமில்லை. நான் ரேடியோவைப் போடுவதா விடுவதா என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அருமைராசாவுக்குச் செய்தி சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "அப்பாடா. நல்ல மனுசி. நான் அப்பவே சொன்னனான், ஆறுதலா விளங்கப்படுத்தினா விளங்கிக்கொள்ளும் எண்டு." ஐந்து மாதமாக அவர் ஆறுதலாக விளங்கப்படுத்திய விதம் எனக்குத்தான் தெரியும்.

செவ்வாய் பின்னேரம் அருமைராசாவும் சேர்ந்து மூன்று பேருமாய்க் கோயிலுக்குப் போனோம். கிரியை செய்யாமல் அந்தச் சொல்லைப் போட மாட்டேன் என்று நேசமக்கா சொல்லிவிட்டார். ஐயர் பஞ்சாங்கத்தை விரித்தார்.

"பன்னிரண்டு வருஷம் காணாதவருக்குத் தர்ப்பையிலை உருவம் செய்து தகனம் பண்ணலாம். அது பிரச்சினையில்லை. திதி என்ன?"

"தெரியாது ஐயா."

"செத்த நாள் தெரியாவிட்டால் செய்தி கேட்ட நாளை எடுக்கலாம். செய்தி கேட்ட நாள் தெரியுமோ?"

"ஓம். போன சனிக்கிழமை, பின்னேரம்."

ஐயர் விரலை ஓட்டினார். "புரட்டாதி, தேய்பிறைத் தசமி. செய்தி கொண்டுவந்தது ஆர்?"

நேசமக்கா என்னைக் காட்டினார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஒரு மனிதனின் திவசத் திதி இனி என் வாயிலிருந்து வந்த சொல்லில் நிற்கும் என்று நான் பாலத்தில் நினைக்கவில்லை.

"அப்ப சனியிலிருந்து சாவுத் துடக்கு" என்றார் ஐயர். "ஒக்டோபர் இருபது, திங்கட்கிழமை முப்பத்தோராம் நாள். வீடு சுத்தம் செய்து, அதுக்குப் பிறகுதான் மங்கல காரியம்."

அருமைராசா விரல்விட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார். மண்டபம் பத்தொன்பதாம் திகதி.

"ஐயா, ஒரு நாள்" என்றார். "ஒரே ஒரு நாளைக் குறைக்க ஏலாதோ? கனடாவிலை நேரம் வேறைதானே?"

"துடக்குக்குக் கனடா நேரம், யாழ்ப்பாண நேரம் எண்டு இல்லை."

அருமைராசா நேசமக்கா பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு பணிவை நான் சந்தையில் கண்டதில்லை. "தங்கச்சி, நான் ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. மனுசன் எங்கையாவது இருக்கவும் கூடும், என்ன? ஆர் கண்டது? அட்டையிலை வெறும் பேரையே போடுவம். கலியாணம் முடியட்டும். கிரியையைப் பேந்து பாப்பம்."

"இல்லையண்ணை" என்றார் நேசமக்கா.

"நீங்கள்தானே அஞ்சு மாசமா வேண்டாம் எண்டு நிண்டது!"

"ஓம். நீங்கள்தான் போடச் சொல்லி நிண்டது. நீங்கள் சொன்னதுதான் சரி. அவர் செத்துப்போட்டார். உங்கடை மண்டபத்துக்காக அவரை இன்னொருக்கா எழுப்பி அலையவிட என்னாலை ஏலாது."

ஐயர் பஞ்சாங்கத்தில் தை மாதத்தைப் புரட்டத் தொடங்கினார்.

கிரியை நடந்தது. தர்ப்பை உருவத்துக்கு வினோஜாவே கொள்ளி வைத்தாள்; பெண்பிள்ளை வைக்கலாமோ என்று கேட்க அருமைராசாவுக்கு அதற்குள் தெம்பில்லை. கலியாணம் தை மாதம், கண்ணிமை உறைகிற குளிரில், வேறு மண்டபத்தில் நடந்தது. தாரை வார்க்க நானும் என் மனைவியும் நின்றோம். அழைப்பிதழில் நகுலேஸ்வரன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த முப்பத்தொரு நாளில் நடந்த ஒன்றை வினோஜா எனக்குப் பிறகு சொன்னாள். கிரியை முடிந்த கிழமை தாயை எழுப்ப முடியவில்லையாம். மணிக்கூடு அடித்து ஓய்ந்தும் நித்திரை. தட்டி எழுப்பினால், "கொஞ்சம் படுக்க விடு பிள்ளை" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாராம். ஐந்தரை பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. எட்டு வருடத்தில் முதல் தரம் நேசமக்கா வேலைக்குப் பிந்திப் போனார். அடுத்த நாளும் பிந்தித்தான் போனார்.